காணாத ஆபத்தும் கண்டவன் கடமையும்

அறவியல் ஆராய்ச்சி பெரும்பாலும் மனிதர் ஒருவரையொருவர் நேரிற் சந்திக்கும் நிலைகளையே எடுத்துக்காட்டுகளாகக் கொண்டு வளர்ந்துள்ளது. கடன் கொடுத்தவனும் பெற்றவனும், வாக்களித்தவனும் அதை நம்பியவனும், அடித்தவனும் அடிபட்டவனும் அங்கு எதிரெதிரே நிற்பர். யார் யாருக்கு என்ன தீங்கு செய்தார் எனச் சுட்டுதல் அத்தகைய நிலைகளில் எளிது. நவீன நகர வாழ்வோ இவ்வெளிமையைக் குலைத்துவிட்டது. இன்று ஒருவனுடைய உயிர், அவன் ஒருபோதும் கண்டிராத வேறொருவனின் கவனத்திலே தங்கியிருக்கின்றது. அவனும் இவனை அறியான். இருவருக்குமிடையே நிற்பது ஓர் இயந்திரம். அவ்வியந்திரமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இத்தகைய உறவிலே கடமை என்பது யாது? அது எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது? இவ்வினாவை ஆராய்வதற்குப் பெருநகரங்களின் நடைபாதைகளுக்குக் கீழே இயங்கும் மின்மாற்றிகள் தகுந்ததோர் உதாரணமாகும்.

பாடசாலைப் பௌதிக நூல்கள் நிலைமாற்றி எனக் குறிப்பிடும் மின்மாற்றி, பலருக்கும் தெருவோரத் தூணில் தொங்கும் சாம்பல்நிறப் பெட்டியாகவே அறிமுகமானது. ஆயின் பெருநகரங்களின் மையப்பகுதிகளில் அது பெரும்பாலும் நிலத்துக்குக் கீழே உள்ளது. நியூயோர்க் நகரில் எடிசனின் பேர்ள் வீதி மின்நிலையம் 1882 செப்டெம்பர் 4 ஆம் திகதி தொழிற்படத் தொடங்கியபோதே அதன் மின்கம்பிகள் நிலத்தடியிற் பதிக்கப்பட்டிருந்தன. பின்னர் ஏனைய நிறுவனங்களின் தந்திக் கம்பிகளும் மின்கம்பிகளும் தெருக்களுக்கு மேலே வலைபோலப் பின்னி நிற்க, 1888 மார்ச் மாதத்துப் பெரும் பனிப்புயல் அவற்றை அறுத்து வீழ்த்தியது. கம்பிகளைக் கீழே கொண்டுசெல்ல வேண்டும் என்ற கோரிக்கைக்கு அப்புயல் பெருவலிமை தந்தது. இன்று மன்ஹற்றனின் தெருக்களுக்குக் கீழே ஏறத்தாழ 13,000 வோல்ற்று மின்னைப் பெற்று, வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஏற்ற 120, 208 வோல்ற்றுகளாகக் குறைத்துக் கொடுக்கும் மின்மாற்றிகள் நிலவறைகளில் வரிசைவரிசையாக உள்ளன. மேலே நடப்பவன் காண்பது ஓர் இரும்புக் கிராதியை மாத்திரமே.

கண்ணுக்கு அமைதியாகத் தோன்றும் இவ்வியந்திரம் உள்ளே ஓயாது முதுமையடைந்துகொண்டிருக்கின்றது. அதன் செப்புச் சுருள்களைச் சுற்றியிருப்பது கடதாசி. அக்கடதாசியை நனைத்து, வெப்பத்தை வெளியே கடத்துவது எண்ணெய். கடதாசியின் வலிமை செலுலோசு மூலக்கூறுகளின் நீண்ட சங்கிலிகளைப் பொறுத்தது. புதிய கடதாசியில் ஒரு சங்கிலிக்கு ஏறத்தாழ 1,000 கண்ணிகள் இருக்கும். வெப்பமும் ஈரமும் ஒட்சிசனும் அதனை அறுத்து அறுத்து 200 அளவிற்குக் கொண்டுவரும்போது கடதாசி நொறுங்கும் நிலையை அடைகின்றது. வெப்பநிலை ஆறு முதல் எட்டுப் பாகை செல்சியசு உயருந்தோறும் இம்முதுமையின் வேகம் இருமடங்காகும் என்பது பொறியியலாளர் கையாளும் பொதுவிதி. எண்ணெயைப் புதுப்பிக்கலாம், அறுந்த சங்கிலியை மீட்க இயலாது. நிலத்தடியிலுள்ள மின்மாற்றிக்கு மேலும் சில இன்னல்கள் உண்டு. மழைநீர் அறைக்குள் நிறைகின்றது. குளிர்நாடுகளிற் பனியை உருக்கத் தெருவில் இடப்படும் உப்பு நீரோடு இறங்கி உலோக உறையை அரிக்கின்றது. கிராதியைக் குப்பை மூடினால் காற்றோட்டம் தடைப்பட்டு வெப்பம் ஏறுகின்றது.

எனினும் இவ்வியந்திரம் தன் நோயைச் சொல்லாமலே அழிவதில்லை. உள்ளே நிகழும் ஒவ்வொரு கேடும் எண்ணெயிற் கரையும் வாயுக்களாகத் தன் சுவட்டை விடுகின்றது. காவலியின் நுண்ணிய வெற்றிடங்களில் நிகழும் சிறு மின்னிறக்கம் ஐதரசனைத் தரும். எண்ணெய் மிகையாக வெப்பமுறின் எதிலீன் தோன்றும். கடதாசி கருகினால் காபனோரொட்சைட்டு கூடும். மின்வில் எழுந்ததாயின் அசற்றலீன் வெளிப்படும். ஜேர்மனியரான மக்ஸ் புக்கோல்ஸ் 1921 இல் உருவாக்கிய கருவி, இவ்வாறு எழும் வாயு திரள்வதை உணர்ந்து எச்சரிக்கை தந்தது. வாயுக்களின் விகிதத்தைக் கொண்டு நோயின் வகையை இனங்காணும் முக்கோண வரைபடத்தைக் கனடாவில் மிஷெல் டுவால் 1970களில் வகுத்தார். இன்று எண்ணெயின் வெப்பநிலை, அதன் மட்டம், தாங்கியின் உள்ளமுக்கம், அறையிலுள்ள நீர் ஆகியவற்றை இடையறாது அளந்து தொலைவிலுள்ள நிலையத்துக்கு அனுப்பும் உணரிகள் உள்ளன. வைத்தியன் குருதியைச் சோதித்து உடலின் உள்நிலையை அறிவதுபோலப் பொறியியலாளன் எண்ணெயைச் சோதித்து இயந்திரத்தின் உள்நிலையை அறிகின்றான்.

இங்கேதான் பௌதிகமும் இரசாயனமும் முடிந்து அறவியல் தொடங்குகின்றது. அறிய முடியும் என்ற நிலை ஏற்பட்டபின், அறிதல் ஒரு வசதியா, அன்றிக் கடமையா?

2005 ஓகஸ்ட் மாதத்தில், சான் பிரான்சிஸ்கோ நகரின் வணிகப் பகுதியில் நடைபாதைக்குக் கீழிருந்த மின்மாற்றியொன்று வெடித்தது. அவ்வழியே சென்ற பெண்ணொருவர் கடுந் தீக்காயங்களுக்கு உள்ளானார். இத்தகைய விபத்தின் இயக்கம் அறியப்பட்டதே. பழுதுற்ற காவலியினூடாக மின்வில் எழுகின்றது. அதன் வெப்பத்தால் எண்ணெய் கணத்தில் வாயுவாகின்றது. அமுக்கம் தாங்கியைப் பிளக்க, வெளியேறிய வாயு காற்றோடு கலந்து தீப்பற்றுகின்றது. இவ்விபத்தில் வழிப்போக்கருடைய நிலை கருதற்குரியது. கடலுக்குச் செல்பவன் கடலைப் பார்க்கின்றான். மரமேறுபவன் உயரத்தை அறிவான். அறுந்து தொங்கும் மின்கம்பியைக் கண்டவன் விலகி நடக்கலாம். ஆபத்தின் ஒரு பங்கை அவர்கள் தாமே அறிந்து ஏற்கின்றனர். நிலத்தடி மின்மாற்றியின்மேல் நடப்பவர் எதனையும் ஏற்கவில்லை. அங்கே ஏற்பதற்கு ஏதேனும் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

ஆபத்தை மறைவில் வைத்தல் என்பது வெறும் இடமாற்றமன்று. அது ஒரு பொறுப்பு மாற்றமுமாகும். திறந்த வெளியில் நிற்கும் ஆபத்தைக் கவனிக்கும் கடமை, அதை வைத்தவனுக்கும் அதை அணுகுபவனுக்கும் ஓரளவு பகிரப்படுகின்றது. மறைக்கப்பட்டவிடத்து அணுகுபவனின் பங்கு இல்லாதொழிகின்றது. அவனுடைய கண்களைப் பயனற்றவையாக்கியவர் எவரோ, அவரே அவனுக்காகவும் காணும் கடமையை ஏற்றுக்கொண்டவராவார். நகரின் அழகுக்காகவும் புயலிலிருந்து பாதுகாப்புக்காகவும் மின்மாற்றியை மண்ணுக்குள் வைத்த சமூகம், அதனை நோக்கும் கடமையையும் அதனோடு மண்ணுக்குள் புதைத்துவிட முடியாது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். அறியாதவனைக் குற்றவாளி எனல் எங்ஙனம் பொருந்தும்? சோதனை செய்தவனிடம் குறிப்பு இருக்கும்; விபத்தின் பின் அக்குறிப்பே அவனுக்கு எதிரான சான்றாகும். சோதனை செய்யாதவனிடம் ஒன்றும் இராது. எனவே அறியாதிருத்தலே பாதுகாப்பானது என ஒரு நிறுவனம் எண்ணக்கூடும். இவ்வெண்ணம் கற்பனையன்று, சட்டப் பொறுப்புக்கு அஞ்சும் எல்லா இடங்களிலும் தலைகாட்டும் ஓர் உளப்பாங்கு இது.

இதற்கான விடையை ஆங்கிலேயக் கணிதவியலாளரும் மெய்யியலாளருமான வில்லியம் கிளிபர்ட் 1877 இல் எழுதிய ‘நம்பிக்கையின் அறம்’ என்னும் கட்டுரையிற் காணலாம். பழுதுபட்ட கப்பலொன்றின் உரிமையாளனை அவர் உதாரணமாகக் காட்டுகின்றார். கப்பல் பழையது என்ற ஐயம் அவனுக்கு எழுகின்றது. சோதிப்பதும் திருத்துவதும் செலவு. ஆதலால் கப்பல் பலமுறை சென்று திரும்பியதை நினைத்து அவன் தன் ஐயத்தை அடக்கிக்கொள்கின்றான். இறுதியில் உண்மையாகவே நம்பத் தொடங்குகின்றான். கப்பல் மூழ்கிப் பயணிகள் இறக்கின்றனர். அவனுடைய நம்பிக்கை உண்மையானதாயினும் அந்நம்பிக்கைக்கு அவனுக்கு உரிமையில்லை என்பது கிளிபர்டின் தீர்ப்பு. கப்பல் தப்பிக் கரைசேர்ந்திருப்பினும் அவனுடைய குற்றம் குறையாது எனவும் அவர் வற்புறுத்துகின்றார். அரிஸ்ரோட்டிலும் தன் அறவியல் நூலின் மூன்றாம் பகுதியில், ஒருவன் தானே வருவித்துக்கொண்ட அறியாமை அவனைக் குற்றத்திலிருந்து விடுவிக்காது எனக் கருதுகின்றார். குடிபோதையில் தவறிழைத்தவனுக்கு இருமடங்கு தண்டனை விதித்த வழக்கத்தை அங்கு எடுத்துக்காட்டுகின்றார். ஐம்பது ஆண்டுகள் பிசகின்றி இயங்கியது என்பதனால் மின்மாற்றியொன்று நாளையும் பிசகின்றி இயங்கும் என நம்புவோன், கிளிபர்டின் கப்பல் உரிமையாளனுக்கு உடன்பிறப்பாவான். ஐம்பது ஆண்டுகள் என்பது உறுதிக்குச் சான்றன்று. கடதாசியின் சங்கிலிகள் அறுந்துகொண்டிருந்த காலத்தின் நீளம் அது.

அறியும் கடமை இவ்வாறு நிலைநாட்டப்படின், அடுத்த வினா எழுகின்றது. அளந்து அறிந்ததோடு கடமை முடிந்ததா? இதற்கு 2025 இல் இலண்டனில் நிகழ்ந்த சம்பவம் விடை பகர்கின்றது. அவ்வாண்டு மார்ச் 20 ஆம் திகதி இரவு, நகரின் மேற்கிலுள்ள நோர்த் ஹைட் துணை மின்நிலையத்தில் ஒரு மின்மாற்றி தீப்பற்றியது. அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட பாவனையாளர் மின்சாரத்தை இழந்தனர். அடுத்த நாள் ஹீத்ரோ விமான நிலையம் மூடப்பட்டது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளின் பயணம் பாதிக்கப்பட்டது. அம்மின்மாற்றி நிலத்துக்கு மேலேதான் நின்றது. ஆனால் நோய் மறைவிலேயே இருந்தது. உயர்வோல்ற்றளவுக் கம்பி உலோக உறைக்குள் நுழையும் இடத்திலுள்ள காவலிக் குழலினுள் ஈரம் புகுந்தமையே தீக்குப் பெரும்பாலும் காரணமாகும் என, அந்நாட்டின் தேசிய மின்தொகுதி இயக்குநர் நிறுவனம் யூலை மாதத்தில் வெளியிட்ட இறுதி அறிக்கை கூறியது. அவ்வறிக்கை வெளிப்படுத்திய மற்றோர் உண்மையே இங்கு முக்கியமானது. 2018 யூலை மாதத்தில் எடுக்கப்பட்ட எண்ணெய் மாதிரியிலேயே ஈரத்தின் மிகுதி பதிவாகியிருந்தது. அத்தகைய அளவு காணப்படின் குழலை மாற்றவேண்டும் என்பது மின்மாற்றியின் உரிமை நிறுவனத்தின் வழிகாட்டலிலேயே இருந்தது. உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை. ஏறத்தாழ ஏழாண்டுகள் அந்த எண் பதிவேட்டில் இருந்தது, மின்மாற்றியும் இயங்கிக்கொண்டிருந்தது.

இங்கு கண்காணிப்பு தோற்கவில்லை. கருவி காணவேண்டியதைக் கண்டது, சொல்லவேண்டியதைச் சொன்னது. கண்டதற்கும் செய்வதற்கும் இடையே யார் நிற்கவேண்டும் என்பதுதான் தோற்றது. எண்ணெய் மாதிரியை எடுப்பவர் ஒருவர். ஆய்வுகூடத்தில் அளப்பவர் ஒருவர். பதிவேட்டிற் சேர்ப்பவர் ஒருவர். பராமரிப்புக்கு நாள் குறிப்பவர் ஒருவர். பணம் ஒதுக்குபவர் இன்னொருவர். ஒவ்வொருவரும் தம் பணியைச் செய்ததாகவே கருதக்கூடும். தனித்தனியே நோக்கின் எவரும் கொடியவரல்லர். ஆயினும் எல்லோருக்கும் உரிய அறிவு எவருக்கும் உரியதல்லாத அறிவாகிவிடுகின்றது. பழைய அறவியல் தீய நோக்கத்தைத் தேடிப் பழகியது. பெரிய அமைப்புகளிலோ தீய நோக்கம் சிறிதுமின்றியே பெருந்தீங்கு விளையும். வருமுன் காத்தலின் இன்றியமையாமையை உணர்த்தவந்த வள்ளுவர், அவ்வாறு காவாதவனின் வாழ்வுக்கு நெருப்பின் அருகிலுள்ள வைக்கோற்போரை உவமையாக்கினார். அவர் கருதியது தனியொரு மனிதனை, சிறப்பாக அரசனை. காக்க வேண்டியவன் யார் என்பதில் அங்கே ஐயமில்லை. இன்றைய நிறுவனத்தில் வைக்கோலும் நெருப்பும் தெளிவாகத் தெரிகின்றன; காப்பவன்தான் யாரெனத் தெரியவில்லை.

இவ்விடத்து நடைமுறை அறிந்தோர் எழுப்பும் தடையை நேர்மையாக நோக்கவேண்டும். பல்லாயிரம் மின்மாற்றிகளையும் ஆளிறங்கு குழிகளையும் உடைய ஒரு நகரம் ஐயத்துக்குரிய அனைத்தையும் ஒரே ஆண்டில் மாற்ற இயலாது. பணத்துக்கும் ஆட்களுக்கும் எல்லை உண்டு. மாற்றும் வேலையே சில பகுதிகளை இருளில் ஆழ்த்தும். அவ்விருளில் வைத்தியசாலைகளும் இருக்கலாம். கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் சிந்தியா ருடினும் அவருடைய குழுவினரும், மன்ஹற்றனின் ஆளிறங்கு குழிகளுள் எவை தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும் என்பதைக் கணனியின் துணையோடு முன்னறிய முயன்று, அம்முறையை 2010 இல் வெளியிட்டனர். பல்லாண்டுகளாகப் பணியாளர் அவசரத்தில் எழுதிவைத்த பழுதுக் குறிப்புகளும் மிகப் பழைய கம்பிகளின் பதிவுகளுமே அவர்களுக்கு மூலப்பொருள்களாயின. அவ்வாய்வு தந்தது ஒரு தரவரிசை: முதலில் பார்க்கவேண்டியது எது, பின்னர் பார்க்கத்தக்கது எது என்பது. வரிசைப்படுத்தல் பயனுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் வரிசையின் கடைசியிலுள்ள குழியின்மேலும் மனிதர் நடக்கின்றனர். அவர்களுக்கு என்ன சொல்வது?

எந்த ஆபத்தும் அறவே இராது எனச் சொல்வது பொய். அவ்வாறு வாக்களிக்கும் கடமை எவருக்கும் இல்லை. தள்ளிவைத்தலுக்குக் காரணம் காட்டும் கடமையோ நிச்சயமாக உண்டு. ஒரு பழுதை அறிந்து, அதனிலும் கொடிய பழுதொன்றுக்கு முதலிடம் தந்து, இதனை இன்ன நாள்வரை தள்ளிவைக்கின்றோம் எனக் கையொப்பமிட்டு எழுதுதல் ஒரு தீர்மானம். அது பிழையாகவும் முடியலாம்; எனினும் அது அறத்துக்கு உட்பட்டது. அந்நாளிற் கேள்வி கேட்பதற்கு ஓர் இடம் அங்கே இருக்கின்றது. பழுதை அறிந்து, எவரும் தீர்மானிக்காமல், காலம் தானே கடந்துபோக விடுதல் தீர்மானமன்று, அது மறதி. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே காணப்படும்: இரண்டிலும் மின்மாற்றி மாற்றப்படாமலே இருக்கின்றது. அறவியல் நோக்கிலோ இவை இரண்டுக்குமிடையிலான தூரம் பெரிது. வறுமை முதலாவதற்கு நியாயமாகலாம். இரண்டாவதற்கு ஒருபோதும் நியாயமாகாது.

கருவிகள் பெருகினால் இச்சிக்கல் தானே தீரும் என்ற நம்பிக்கையும் சோதனைக்குரியது. ஓர் உணரி, முன்னரே எவரோ அஞ்சிய ஒன்றை மாத்திரமே அளக்கும். கட்டடங்களின் உள்ளேயும் நிலத்தடியிலும் தீ விபத்தைத் தவிர்ப்பதற்காக, எளிதில் தீப்பற்றாத பிசிபி எனப்படும் குளோரீன் சேர்ந்த திரவங்கள் ஒருகாலத்தில் மின்மாற்றிகளில் நிரப்பப்பட்டன. அத்திரவங்களின் நச்சுத்தன்மை உணரப்பட்டு, 1979 இல் அமெரிக்காவில் அவற்றின் உற்பத்தி தடைசெய்யப்பட்டது; ஏற்கெனவே நிறுவப்பட்டவை தொடர்ந்து இயங்கின. 1981 பெப்ரவரி 5 ஆம் திகதி, நியூயோர்க் மாநிலத்தின் பிங்ஹம்ரன் நகரிலுள்ள அரச அலுவலகக் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் மின்பழுதால் தீ மூண்டது. தீ பரவவில்லை, நச்சுக்கரி பரவியது. பதினெட்டு மாடிகளையும் அடைந்த அக்கரியை அகற்றி, 1994 இலேயே அக்கட்டடம் மீண்டும் திறக்கப்பட்டது. ஓர் ஆபத்தை எண்ணிச் செய்த காவல், மற்றோர் ஆபத்தைத் தன்னுள் வைத்திருந்தது. எதனை அளக்கவேண்டும் எனத் தீர்மானிப்பது கருவியன்று, மனிதனே.

இறுதியாக, இவ்வாராய்ச்சிகளில் அடிக்கடி மறக்கப்படும் ஒருவன் உளன். நிலவறைக்குள் இறங்கும் தொழிலாளியே அவன். வழிப்போக்கன் கிராதியைச் சில கணங்களிற் கடந்துவிடுகின்றான். இவனோ தேங்கிய நீரில் நின்று, இயங்கும் தாங்கியின் அருகே மணிக்கணக்கில் வேலை செய்கின்றான். தொலைவிலிருந்து அளக்கும் உணரி இவன் கண்மூடித்தனமாக இறங்கவேண்டிய தேவையைக் குறைக்கின்றது. உள்ளே அமுக்கம் ஏறியுள்ளது என்பதை முன்கூட்டி அறிந்தால், மூடியைத் திறக்குமுன் மின்னைத் துண்டிக்கலாம். அந்த அளவில் கண்காணிப்புக் கருவி முதலில் காப்பது தொழிலாளியின் உயிரையே. ஆயினும் கருவியின் அளவீடு தொலைவிலுள்ள அலுவலகத்துக்குச் செல்கின்றது. இறங்குபவனுக்கு அது சொல்லப்படுகின்றதா என்பது வேறு வினா. ஆபத்துக்கு மிக அருகில் நிற்பவனே அறிவதற்கு முதல் உரிமையுடையவன். இறங்க மறுக்கும் உரிமையும் அவ்வறிவோடு அவனுக்கு வழங்கப்படாவிடின், அறிவித்தல் வெறும் சடங்காகும்.

சமூகம் புதியன அமைப்போரைப் போற்றும் அளவுக்கு உள்ளதைக் காப்போரைப் போற்றுவதில்லை. புதிய மின்நிலையத்துக்குத் திறப்பு விழா உண்டு. காலத்தில் மாற்றப்பட்ட காவலிக் குழலுக்கு விழா இல்லை. காத்தல் வெற்றிபெறும்போது காட்டுவதற்கு ஒன்றும் எஞ்சாது. நிகழாத விபத்தை எவரும் காணார். இதனாலேயே செலவைக் குறைக்க எண்ணும் எந்த நிறுவனமும் முதலில் கைவைப்பது பராமரிப்பிலாகும். இந்நிலை மாறவேண்டுமாயின் பொறியியற் பீடத்து மாணவன் அளக்கக் கற்பதோடு, அளந்த எண்ணுக்கு யார் விடைசொல்ல வேண்டும் எனக் கேட்கவும் கற்கவேண்டும். கலைப்பீடத்து மாணவன் கடமையின் இலக்கணத்தை ஆராய்வதோடு, அக்கடமை எண்ணெயிற் கரைந்த ஒரு வாயுவின் அளவாகவும் தோன்றும் என்பதை அறியவேண்டும். ஐதரசன் கூடியுள்ளது என்பது ஓர் இரசாயனச் செய்தி மாத்திரமன்று. அதனை வாசித்தவரை நோக்கி, தெருவில் நடக்கும் முகமறியாத ஒருவர் விடுக்கும் வேண்டுகோள் அது. அவ்வேண்டுகோள் விடுக்கப்பட்டதை அவர் அறியமாட்டார். அதனை நிறைவேற்றியவருக்கு அவர் நன்றி சொல்லவும் போவதில்லை. நன்றியை எதிர்பாராது, கண்டவர் இல்லாத இடத்திலும் செய்யப்படும் கடமையே கடமையின் தூய வடிவம் என அறநூலார் கருதுவது மெய்யாயின், அதனைச் செய்வதற்கான இடம் இன்று பெருநகரங்களின் நடைபாதைகளுக்குக் கீழேயும் உள்ளது.